சுவிட்சைப் போட்டது யார்

மடிப்பக்காவுக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம்தான் மற்றதெல்லாம். சின்ன வயதில் தங்கைக்குத் தன்னைவிட நீளமாகத் தலைமுடி வளர்ந்தபோது சூடானது. கல்யாணமான புதிதில், வீட்டுக்காரர் தன் அக்காள் போடும் டீயை நாலு பேர் முன்னால் புகழ்ந்தபோது சூடானது. வாழப்போன இடத்தில் மகள் தன் மாமியாரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாள் என்று தெரிந்தபோது, போனைக் காதில் வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. தனக்கு இந்தக் குணம் இருப்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் பெரிய குற்றமாக நினைத்ததில்லை. சிலருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, தனக்குப் பங்கு போடுவது ஒத்துக்கொள்ளாது என்று வைத்திருந்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். கட்டடத்தின் பின்பக்கம், சமையல்கூடத்துக்கும் குப்பை வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே இருந்தது அது. ஒரு சுவரை ஒட்டித் துவைக்கிற இயந்திரங்கள், எதிர்ச்சுவரில் துணியைச் சுற்றிச் சுற்றி உலர்த்துகிற பெரிய டிரம்கள், நடுவே மடிக்கிற மேஜை, கோடியில் இஸ்திரி ரோலர், ஜன்னலடியில் கிழிசல் தைக்கிற மேஜை. சுவரில் எந்நேரமும் வேர்வை மாதிரி ஈரம் வடியும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அடுக்கில் எத்தனை விரிப்பு இருந்தாலும் அவள் மடித்தது தனியாகத் தெரியும். ஓரம் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு, கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். அதனால் மடிப்பக்கா. சொந்தப் பெயரைச் சம்பளத்தன்று மட்டும் யாராவது கூப்பிடுவார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவாள்.

விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. மடித்தால் நடுப்பகுதி தரையைத் தொடும். தரையைத் தொட்டது திரும்பத் துவைக்கப் போக வேண்டும், அது அங்கே சட்டம். ஆகவே மடிக்கிறவர்கள் எல்லாம் ஜோடி. மடிப்பக்காவின் ஜோடி, வக்கீல். கோர்ட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தவள் இல்லை, எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று மடக்குவதால் வந்த பெயர். மடிப்பக்காவைவிடச் சில வயது இளையவள். ஒல்லி. கைவீசி நடந்தால் பக்கத்தில் ஆள் நிற்க முடியாது.

இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்பார்கள். விரிப்பை விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருத்தி தன் முனையை மற்றவள் கையில் கொடுப்பாள். டிரம்கள் ஓடுகிற சத்தத்தில் விரிப்பின் நீளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் பேசினால் கேட்காது. கத்த வேண்டும். கத்தினால் சூப்பர்வைசர் வருவார். அதனால் கிட்டே வரும்போதுதான் பேச்சு. முனையைக் கொடுக்கிறவள் பேசுவாள், வாங்குகிறவள் கேட்டுக்கொள்வாள். பின்னால் போகிறபோது பதிலை யோசித்துக்கொண்டே போவாள். அடுத்த விரிப்பில் கொடுக்கிற முறை அவளுடையது. யாரும் உட்கார்ந்து போட்ட விதி இல்லை. வேலையே அப்படிப் பழக்கிவிட்டது.

என்ன பேசினார்கள் என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். விலைவாசியும் சொந்தக்காரர்களும் பேசித் தீர்ந்துபோன ஒரு காலத்தில், இந்த உலகத்தை ஒருத்தர் செய்தாரா அல்லது அது தானாக வந்ததா என்ற பேச்சில் வந்து நின்றார்கள். அங்கேயே தங்கிவிட்டார்கள்.

மடிப்பக்காவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. அடுக்கில் ஒரு விரிப்பு மடித்து இருந்தால் யாரோ மடித்திருக்கிறார்கள். தானாக மடிந்துகொண்ட விரிப்பை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இதை அவள் சொன்ன மறுநாள் வக்கீல் ஒரு டிரம்மைத் திறந்து, உள்ளேயிருந்து பெரிய கயிறு போல ஒன்றை இழுத்து வெளியே போட்டாள். விரிப்பும், நோயாளி அங்கியின் நாடாக்களும், தலையணை உறையும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு, சடை மாதிரி கிடந்தது. உட்கார்ந்து பின்னினால்கூட அவ்வளவு நெருக்கமாக வராது. டிரம்முக்குள் யார் உட்கார்ந்து பின்னினார்கள் என்று வக்கீல் கேட்டாள். போட்டது தனித்தனியாக, வந்தது சடையாக. சுற்றினது மட்டும்தான் நடந்தது. உலகமும் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் என்றாள்.

மடிப்பக்கா அந்த விரிப்பு முழுக்க யோசித்தாள். அடுத்த முனையைக் கொடுக்கும்போது, "சுத்துச்சு, சரி. சுவிட்சைப் போட்டது யாரு?" என்றாள்.

வக்கீல் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தோற்றுப்போனவள் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. நல்ல ஆட்டக்காரியோடு ஆடுகிறோம் என்று தெரிந்தவள் சிரிக்கிற சிரிப்பு. மடிப்பக்காவை அப்படி யாரும் பார்த்துச் சிரித்ததில்லை. வீட்டில் அவளை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டவர் இல்லை.

அதற்கப்புறம் வருஷக்கணக்காக அந்தப் பேச்சு ஓடியது. செய்தவரைச் செய்தது யார் என்று வக்கீல் கேட்பாள். கேட்டுக்கொண்டே போனால் முடிவில்லை, எங்காவது ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும், நான் அங்கே நிற்கிறேன் என்பாள் மடிப்பக்கா. அப்படியானால் நான் அதற்கு ஒரு படி முன்னாலேயே நின்றுகொள்கிறேன், நடை மிச்சம் என்பாள் வக்கீல். ஒரே ஒரு தடவை வக்கீல் விளையாட்டில்லாமல் பேசினாள். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர்.

"ஒருத்தர் செஞ்சாருன்னு ஒத்துக்கிட்டா, அந்தக் கயிறு அறுந்தப்போ எங்க பார்த்துட்டு இருந்தாருன்னு நான் கேட்டாகணும்க்கா. யாருமே இல்லைன்னா, கயிறு நைஞ்சிருந்துச்சு, அறுந்துச்சு, முடிஞ்சுது. எனக்கு அதுதான் தாங்குது."

அன்றைக்கு மிச்ச விரிப்புகளைப் பேசாமல் மடித்தார்கள். மறுநாள் வக்கீலே, "என்னக்கா, உன் ஆளு நேத்து லீவா?" என்று ஆரம்பித்துவைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மடிப்பக்காவின் வலது தோள் இறுகிப்போனது. ஒருநாள் காலையில் கையைத் தூக்கிச் சடை பின்ன முடியவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, மூட்டு இறுகியிருக்கிறது, கையைத் தோளுக்கு மேலே தூக்குகிற வேலை கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றார். உன் ஆள் செய்த தோளுக்கு வாரண்டி கிடையாதா என்று வக்கீல் கேலி செய்தாள். மடிப்பக்காவும் சிரித்தாள். சூப்பர்வைசர் அவளைக் கிழிசல் தைக்கிற மேஜைக்கு மாற்றினார். அவள் இடத்துக்குப் புதிதாக ஒருத்தியைப் போட்டார்.

புதிதாக வந்தவள் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளராக இருந்தவள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், இங்கே வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவள், எல்லோரையும் நீங்க, வாங்க என்று பேசுகிறவள். அவளை எல்லோரும் லேபு என்றார்கள். மடிப்பக்கா மட்டும் புதுசு என்றாள். ஆறு மாதம் கழித்தும் புதுசுதான்.

தையல் மேஜையிலிருந்து மடிக்கிற இடம் நன்றாகத் தெரியும்; ஒன்றும் கேட்காது. அதுதான் கொடுமை. இரண்டு பேரும் நடந்து வருவது தெரியும், புதுசு ஏதோ சொல்வது தெரியும், வக்கீல் புருவத்தைத் தூக்குவது தெரியும். அப்புறம் ஒருநாள் வக்கீலின் தலை பின்னால் சாய்ந்தது. மடிப்பக்கா ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். போதாததற்கு, ஒருத்தி கொடுக்க ஒருத்தி கேட்க என்ற முறைகூட அவர்களுக்குள் இல்லை. தூரத்தில் நிற்கும்போதே கத்திப் பேசினார்கள். சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து முறைத்துவிட்டுப் போனார். தான் இருந்தவரை ஒழுங்காக நடந்த ஒன்றைக் கெடுக்கிறார்கள் என்று மடிப்பக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒழுங்கு கெட்டதால் எரிந்ததா, அது அவ்வளவு சந்தோஷமாகக் கெட்டதால் எரிந்ததா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

டீ நேரத்தில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். லேபுக்கு எல்லாம் தெரிகிறது, நம் பேச்சையெல்லாம் அவளிடம் சொன்னேன், அந்த டிரம் சடையைக் கேட்டு அசந்துபோனாள் என்று வக்கீல் பெருமையாகச் சொன்னாள். நம் பேச்சு என்ற சொல் மடிப்பக்காவின் காதில் போய் உட்கார்ந்தது. வீட்டுப் பெட்டியைத் திறந்து யாரோ அந்நியருக்குக் காட்டியது போல இருந்தது. இருந்தாலும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, தன் பெரிய ஆயுதத்தை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் வக்கீலால் பதில் சொல்ல முடியாத ஒன்று. சுற்றினதெல்லாம் சரி, சுவிட்சைப் போட்டது யாரு என்று புதுசைக் கேட்டாள்.

புதுசு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். பதில் சொல்வதற்குக் கூச்சப்படுகிறவள் மாதிரி இருந்தது.

"அக்கா, அது எப்பவாவது ஆஃப்ல இருந்துச்சுன்னு யாரு பார்த்தா?"

வக்கீல் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். டீ சிந்தியது. அதே சிரிப்பு. தலை பின்னால் சாய்கிற சிரிப்பு. மடிப்பக்காவின் காது அன்றைக்குச் சூடானது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி நிலையத்தில் பம்ப் போடுகிற வேலையில் இருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், உலகத்தை யாராவது செய்தார்களா, அல்லது சுவிட்ச் எப்போதும் போட்டபடியேதான் இருந்ததா என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர். கேள்வியை அலட்சியம் செய்யவில்லை. ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, "வந்துருச்சில்ல, இனி என்ன பண்றது," என்றார்.

அன்றிலிருந்து அவள் தோளை வைத்துக்கொண்டு ஒரு போர் நடத்தினாள். சுவர் பக்கத்தில் நின்று, விரல்களால் நடப்பது போலச் சுவரில் கையை மேலே மேலே ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் வலித்தால் நிறுத்துவார்கள். இவள் வலித்த இடத்தில் வக்கீலின் சிரிப்பை நினைத்துக்கொள்வாள். விரல் இன்னும் கொஞ்சம் ஏறும். கை விளக்கு சுவிட்சைத் தாண்டியது, நாள்காட்டியைத் தாண்டியது, கடைசியில் மாட்டியிருந்த மகளின் கல்யாணப் படத்தைத் தொட்டது. மறுநாளே சூப்பர்வைசரிடம் போய்க் கையைத் தூக்கிக் காட்டினாள். அவர், ஜோடி நன்றாக ஓடுகிறது, எதற்குக் கலைக்க வேண்டும், வக்கீலைக் கேட்டுக்கொள் என்றார்.

வக்கீல் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தோளு முழுசா சரியாகட்டுமேக்கா. என்ன அவசரம்?"

மடிப்பக்கா திரும்பித் தையல் மேஜைக்கு வந்தாள். அன்றைக்கு அவள் தைத்த உறைகளில் தையல் அவ்வளவு நெருக்கமாக விழுந்தது. துணி கிழிந்தாலும் தையல் கிழியாது.

அந்த வாரம் முழுக்க அவள் ஒன்றை மட்டும் யோசித்தாள். புதுசிடம் என்ன இருக்கிறது? படிப்பு இருக்கிறது. ஆனால் வக்கீல் படிப்புக்கு மயங்குகிறவள் இல்லை. டாக்டர்களையே பின்னால் நின்று பழித்துக் காட்டுகிறவள். பின்னே? புதுசு அவள் பக்கம் பேசுகிறாள். அவ்வளவுதான். வருஷக்கணக்காக எதிர்த்து எதிர்த்துப் பேசினவளைவிட, வந்த அன்றே ஆமாம் போட்டவள் இனித்துவிட்டாள். ஆமாம்தான் வேண்டுமென்றால் அதையும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மடிப்பக்கா முடிவு செய்தாள். செய்தவரைப் பற்றி அப்போது அவள் நினைக்கவில்லை. அவர் பெரியவர், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று எடுத்துக்கொண்டாள்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. புதுசின் அம்மாவை அதே மருத்துவமனையில் மேல்மாடியில் சேர்த்திருந்தார்கள். ஆப்பரேஷன் என்று அவள் ஒருநாள் லீவு போட்டாள். சூப்பர்வைசர் மடிப்பக்காவைக் கூப்பிட்டார். அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு, அவசரப்படாதது போல நடந்து போய்த் தன் பழைய முனையைப் பிடித்தாள். விரிப்பு இன்னும் டிரம் சூட்டோடு இருந்தது. இழுத்தார்கள், மடித்தார்கள், நடந்தார்கள். கொடுக்கிற முறை அவளுடையது.

"யோசிச்சுப் பார்த்தேன். நீ சொல்றதுதான் சரி. யாரும் செய்யலை. சுவிட்சு எப்பவுமே போட்டுத்தான் இருந்திருக்கு."

வக்கீல் சிரிக்கவில்லை. வாங்குவதற்கு நீட்டின கை அப்படியே நின்றது. அப்புறம் தன் கையில் இருந்ததையும் விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது.

"அது லேபு சொன்னது," என்றாள்.

யார் சொன்னால் என்ன, மண்டையில் ஏறிவிட்டது என்றாள் மடிப்பக்கா.

"நான் சொன்னப்ப ஏறலை. தொண்டைத் தண்ணி வத்த எத்தனை வருஷமா சொல்றேன். ஒரு துளி இடம் கொடுத்தியா நீ? உன்னை மாதிரி ஒருத்தி கிடையாது, மலை மாதிரி நிக்கிறான்னு நானும் நினைச்சுட்டு இருந்தேன். அவ நேத்து வந்தா. ஒரு தடவை சொன்னா. ஏறிடுச்சு."

குனிந்து விரிப்பைச் சுருட்டி அழுக்குக் கூடையில் எறிந்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். 

மடிப்பக்காவுக்குப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது உள்ளங்கால்வரை குளிர்ந்தது. வக்கீலுக்குப் பொறாமை. தன்னை வைத்து, புதுசின் மேல் பொறாமை. உலகத்தில் தனக்காக ஒருத்திக்குக் காது சூடாகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்கு வந்து முணுமுணுவென்று பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். சம்பளம் ஏதாவது ஏற்றியிருக்கிறார்களா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

பாட்டு படுக்கப் போகிறவரைதான் இருந்தது. தினமும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சடையை அவிழ்த்துக்கொண்டே, செய்தவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது அவள் பழக்கம். பெரிய வேண்டுதல் ஒன்றும் இருக்காது. மகளைப் பார்த்துக்கொள், முட்டியைக் கொஞ்சம் கவனி, இப்படித்தான். அன்றைக்கு வாய் வரவில்லை. ஒருத்தரைப் பற்றித் தெரு முழுக்க அவதூறு பேசிவிட்டு, அவர் வீட்டு வாசலிலேயே கைமாற்றுக்குப் போய் நிற்கிற மாதிரி இருந்தது. அவர் கேட்டிருப்பார். எல்லாவற்றையும் செய்தவர், ஒரு வக்கீலின் சிரிப்புக்காக இவள் தன்னை இல்லையென்று சொன்னதைக் கேட்டிருப்பார். அவருக்கும் காது சூடாகுமோ என்று நினைத்தாள். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வக்கீல், மடிக்கிற வேலை வேண்டாம், ரோலருக்கு மாற்றுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேள்வி கேட்டுப் பழகாத அந்த மனிதர், மடிப்பக்காவையும் புதுசையும் ஜோடி போட்டார். ஆக, அவள் ஆசைப்பட்ட முனை அவள் கைக்கு வந்தது. எதிர்முனையில்தான் வேறு முகம்.

அடுத்து வந்த நாட்கள் அவள் வாழ்க்கையில் மறக்க முடியாதவை. புதுசு முதல் முனையைக் கொடுக்கும்போதே, "அக்கா, நீங்களும் நம்ம பக்கம் வந்துட்டீங்களாமே," என்று முகம் மலர்ந்தாள். நம் பக்கம். மடிப்பக்கா தலையாட்டினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு பாடம். ஆதியில் எல்லாம் ஒரே சூடாக, நெருக்கமாக இருந்தது, அப்புறம் பரந்தது, ஆறியது, ஆறின இடத்தில் திரண்டது, திரண்டதிலிருந்து நட்சத்திரம். உங்கள் எலும்பில் இருக்கிற சுண்ணாம்பு எப்போதோ ஒரு நட்சத்திரத்துக்குள் வெந்ததுதான் என்றாள். சிலது கேட்க அழகாகவே இருந்தது. அதுதான் மடிப்பக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பரந்ததென்றால் எதற்குள் பரந்தது, வெந்ததென்றால் இந்த அளவு வெந்தால் போதும் என்று யாருக்குத் தெரிந்தது என்று நல்ல நல்ல கேள்விகள் நாக்கு நுனியில் வந்து நின்றன. கேட்க முடியாது. மாறிவிட்டவள் எப்படிக் கேட்பது? ஒவ்வொன்றையும் மென்று விழுங்கினாள். பின்னால் போகும்போது யோசிக்க ஒன்றும் இல்லாமல் சும்மா நடந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வேலை அவளுக்கு அலுப்பாக இருந்தது அப்போதுதான்.

கோடியில் வக்கீல், ரோலருக்குள் துணியைக் கொடுத்தபடி, அவள் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைத் தனியாகக் குடித்தாள். புதுசிடமும் பேசுவதில்லை. ஏன் என்று புதுசுக்குப் புரியவில்லை. தான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று மடிப்பக்காவிடம் கேட்டாள். மடிப்பக்காவுக்கு அவளைப் பிடிக்காமல் வைத்துக்கொள்வதும் இப்போது பெரும்பாடாக இருந்தது.

ஒருநாள் காலை புதுசு மாடியிலிருந்து நேராக வேலைக்கு வந்தாள். ஆப்பரேஷன் நடந்தும் அவள் அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை. முதல் சில விரிப்புகள் பாடமில்லாமல் போயின. அப்புறம் முனையைக் கொடுக்க வந்தவள், பாடம் எடுக்கிற அதே குரலில் சொன்னாள்:

"அம்மாவுக்கு எதாவது ஆச்சுன்னா அதோட சரி, இல்லக்கா? எங்கயும் இல்ல. சுண்ணாம்பும் தண்ணியும்தான்."

சொல்லிவிட்டு முனையை விடாமல் நின்றாள். மடிப்பக்கா வாங்கிக்கொண்டு தலையாட்ட வேண்டிய இடம் அது. தலை ஆடவில்லை.

"இல்ல," என்றாள் மடிப்பக்கா. "நான் அப்படி நினைக்கலை. ஒருநாளும் நினைச்சதில்ல."

"நீங்க மாறிட்டேன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன். செஞ்சவர் ஒருத்தர் இருக்கார். செஞ்சதை அப்படித் தூக்கிப் போட்டுட மாட்டார். எனக்கு அவ்வளவுதான் தெரியும், உனக்கு நிரூபிக்கவெல்லாம் வராது."

புதுசு ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியது, யாரோ எதிர்த்துச் சொன்னதே போதும் என்பது போல. எதற்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"அவ உன் பேச்சுக்குச் சிரிச்சா. அதுவரைக்கும் என் பேச்சுக்குத்தான் சிரிச்சிட்டு இருந்தா."

சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது என்று மடிப்பக்காவுக்கே கேட்டது. புதுசு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரோலர் பக்கம் பார்த்தாள்.

"போய் அவங்ககிட்ட சொல்லுங்கக்கா. இந்தப் பக்கமே பார்த்துட்டு நிக்கிறாங்க. ரோலர்ல கையைக் கொடுத்துடப் போறாங்க."

மடிப்பக்கா தன் முனையையும் அவள் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்தின் கோடிக்கு நடந்தாள். ரோலர் பக்கத்தில் அனல் அடித்தது. வக்கீல் திரும்பவில்லை. ஒரு உறையைக் கொடுத்தாள், அது அந்தப் பக்கம் தட்டையாக வந்தது, இன்னொன்றை எடுத்தாள். மடிப்பக்கா அவள் முதுகைப் பார்த்தே சொல்லிவிட்டாள். தான் மாறவில்லை, லேபு சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை, செய்தவர் செய்தவர்தான், சுவிட்ச் ஒரு காலத்தில் ஆஃபில்தான் இருந்தது.

வக்கீலின் கை நின்றது.

"எனக்காக உன் ஆளையே இல்லைன்னுட்டியா?"

"உனக்காக இல்ல. நீ சிரிப்பேன்னு."

"அதுக்கு ஒரு ஜோக்கு சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

"எனக்கு ஜோக்கு வராதுன்னு உனக்குத் தெரியும்."

வக்கீலின் வாயோரம் ஒருதரம் துடித்தது. சிரிக்கவில்லை, அவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறவள் இல்லை. மடிப்பக்கா வந்ததோடு இதையும் கேட்டுவிடுவது என்று, தோள் சரியானபோது என்ன அவசரம் என்று சொன்னாயே, ஏன் என்றாள்.

வக்கீல் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"பாதி, உன் தோளு திரும்பப் போயிடும்னு பயம். பாதி, அவ பேச்சும் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. புதுசு புதுசா சொன்னா. என்ன பண்றது?"

காது சூடானது. மடிப்பக்கா அதைப் பொறுத்துக்கொண்டாள். முழுசாகக் கேட்டு வந்தவளுக்குப் பாதி கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பாதி நிஜம்.

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு, இனி யாராவது ஜோடி மாற்றக் கேட்டு வந்தால் மூன்று பேரையும் அழுக்குப் பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றார். வக்கீல் மடிக்க வந்தாள். புதுசு தையல் மேஜைக்குப் போனாள். மாடிக்கு அடிக்கடி போய்வர அதுதான் தோது என்று அவளே கேட்டுக்கொண்டாள். போகும்போது அந்த மேஜையை மடிக்கிற இடத்துக்குப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்றாள். வெளிச்சம் ஜன்னலடியில்தான் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் விரிப்பை இருவரும் மடித்து அடுக்கில் வைத்தார்கள். இரண்டாவதில் கொடுக்கிற முறை வக்கீலுடையது.

"சரி, செஞ்சாரு. சுவிட்சையும் போட்டாரு. போட்டுட்டு எங்க போனாரு?"

 பதில் இல்லாமல் பின்னால் நடப்பது மடிப்பக்காவுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. விரிப்பின் அந்தக் கோடிவரை போய், மூலைகளைப் பிடித்துக்கொண்டு, எங்கே போயிருப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தாள். போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறார் என்று சொன்னால் சாரக் கயிறு வந்து நிற்கும். போய்விட்டார் என்றால் தன்னுடைய கட்டில் ஓரப் பேச்சு யாரோடு? இதற்கு ஒரு வாரமாவது ஆகும்.

அப்போது தையல் மேஜையிலிருந்து புதுசு தலையை நிமிர்த்தினாள். போனார் என்றால் போவதற்கு ஒரு இடம் முன்னாலேயே இருந்திருக்க வேண்டுமே, அந்த இடத்தைச் செய்தது யார் என்று கேட்டாள். பக்கத்தில் இருந்ததால் நன்றாகவே கேட்டது. வக்கீலின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. புருவம் உயர்ந்தது.

மடிப்பக்கா விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். வக்கீல் ஒரு அடி முன்னால் தடுமாறி வந்தாள்.

"என்னக்கா?"

"மூலை நேரா இல்ல," என்றாள் மடிப்பக்கா. மூலை நேராகத்தான் இருந்தது.